வெளிநாட்டுப் படிப்பு: புறப்படும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் நம் மாணவர்கள் அங்கே படும் அவதிகளில் பாதிக்கு மேற்பட்டவை விண்ணப்பம் நிரப்பிய நாட்களிலேயே விதைக்கப்பட்டவை. குளிரும் சாப்பாடும் சில வாரங்களில் பழகிவிடும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், கடன் கணக்கு, வேலை நேர விதி, பாடம் எழுதும் முறை ஆகியவற்றில் நேரும் பிழைகள் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி புறப்படுவதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியது.

முதலில் பெயரைச் சரி செய்யுங்கள். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்து வைத்துக்கொள்ளும் தமிழர்களுக்கு இது தனிச் சிக்கல். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்தாக இருக்கும் இனிஷியலை பாஸ்போர்ட்டில் விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடும், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், பல்கலைக்கழகப் பதிவேடு என ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் ஏறி, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. அதைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே செய்துவிட்டால், சேர்க்கைக் கடிதம் முதல் விசா வரை ஒரே பெயர் ஓடும். மதிப்பெண் பட்டியலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இடையே மிஞ்சும் வேறுபாட்டுக்கு, இரண்டும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போவதில் தவறில்லை. ஆனால் அவருக்குக் கமிஷன் தருவது பெரும்பாலும் கல்லூரிதான் என்பதை மறக்காதீர்கள். கமிஷன் தராத நல்ல பல்கலைக்கழகத்தை அவர் வாய் திறந்து சொல்வது அரிது. விண்ணப்பக் கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லில் இருக்கட்டும். போலிச் சேர்க்கைக் கடிதம் கொடுத்து ஏஜென்ட் ஏமாற்றியதால், கனடாவில் படிப்பை முடித்த பிறகும் நாடுகடத்தும் நடவடிக்கையை இந்திய மாணவர்கள் எதிர்கொண்ட செய்தி 2023-இல் வெளிவந்தது. கடிதம் கைக்கு வந்ததும், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் வேலைதான்.

அடுத்தது பணம். விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகையையும் உண்மையில் செலவாகும் தொகையையும் ஒன்றென நினைப்பதுதான் இங்கே அடிப்படைப் பிழை. ஜெர்மனிக்கு 2024 செப்டம்பர் முதல் முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஆண்டுக்கு 11,904 யூரோ வைக்க வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். கனடா 2025 செப்டம்பர் முதல், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, ஒருவருக்கு 22,895 கனடா டாலர் கேட்கிறது. பிரிட்டனுக்குச் சேமிப்புப் பணத்தைக் காட்டுவோர் தொடர்ந்து 28 நாட்கள் அதைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இவை குறைந்தபட்ச எல்லைகள் மட்டுமே. லண்டன், மியூனிக், டொராண்டோ போன்ற நகரங்களில் வீட்டு வாடகையே இதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். இந்தத் தொகைகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன் வாங்குவோர் ஒரு கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 30 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டிக்கு வாங்கி, முழுத்தொகையும் முதல் நாளே கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் தனிவட்டியே 6 லட்சம் ஆகிவிடும். தவணை தொடங்காத காலத்திலும் வட்டி நிற்பதில்லை என்பது பலருக்கு முதல் தவணைச் சீட்டு வரும்போதுதான் உறைக்கிறது. வீட்டார் மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்ட முடியுமா என்று பேசி முடிவெடுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் கல்விக் கடனுக்குச் செலுத்திய வட்டிக்கு 8 ஆண்டுகள் வரை கழிவு பெறலாம். சொந்தப் பணத்தை அனுப்பும்போது ஓர் எல்லைக்கு மேல் வங்கி முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும் டி.சி.எஸ். தொகை தொலைந்துபோவதில்லை, வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். ஆனால் அனுப்பும் நாளில் அந்தப் பணமும் கையில் இருக்க வேண்டும்.

“பகுதிநேர வேலை செய்து கட்டணத்தைக் கட்டிவிடலாம்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பட்டப் படிப்பு மாணவர்கள் பிரிட்டனில் பருவக் காலத்தில் (வகுப்புகள் நடக்கும் மாதங்களில்) வாரத்துக்கு 20 மணி நேரமும், கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரமும்தான் வேலை செய்யலாம். அமெரிக்காவில் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் முதல் ஆண்டில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மட்டும், அதுவும் பருவக் காலத்தில் 20 மணி நேரத்துக்குள், வேலை பார்க்க முடியும். கணக்கில் வராமல் கையில் காசு தரும் கடையில் மீறி வேலை செய்து பிடிபட்டால் விசாவே போகும். கூலி தராமல் ஏமாற்றப்பட்டாலும் புகார் கொடுக்கத் துணிவு வராது. வேலை வருமானத்தைக் கைச்செலவுக்கென்று மட்டும் திட்டத்தில் எழுதுங்கள்.

வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். முதல் சில வாரங்களுக்குப் பல்கலைக்கழக விடுதியிலோ தற்காலிக அறையிலோ தங்கி, நேரில் பார்த்த பிறகு ஒப்பந்தம் போடுங்கள். இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளர் முன்பணத்தை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஜெர்மனியில் குடியேறிய இரு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அதற்குக் கையெழுத்திட மறுக்கும் உரிமையாளரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வகுப்பறையில் காத்திருக்கும் சிக்கலைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாடப்புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்த பள்ளியிலிருந்து வருகிறோம். அங்கே அதே செயல் கருத்துத் திருட்டாகி விசாரணைக்குப் போகும். நண்பருக்கு உதவ உங்கள் ஒப்படைப்பைக் கொடுத்தால், வாங்கியவரோடு கொடுத்தவரும் மாட்டுவார். புறப்படும் முன்பே ஒரு கட்டுரையைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, சொந்தச் சொற்களில் சுருக்கி எழுதி, மூலத்தைக் குறிப்பிடும் பழக்கத்தை வாரம் இருமுறை செய்து பாருங்கள். பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திப்பதற்கென்று ஒதுக்கும் நேரத்தில் கேள்வியோடு போவது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. ‘சார் என்ன நினைப்பாரோ’ என்ற நம் தயக்கத்துக்குத்தான் விலை அதிகம்.

தனிமையும் மனச்சோர்வும் வந்தால் அதை மறைப்பதுதான் நம்மிடம் உள்ள ஆபத்தான வழக்கம். வீட்டில் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் தேர்வில் தவறியதைக்கூடச் சொல்லாமல், வகுப்புக்கும் போகாமல் அறைக்குள் முடங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது விசாவையும் தொடும் விஷயம். அமெரிக்காவில் உடல்நலமோ மனநலமோ குன்றியவருக்கு மருத்துவச் சான்றின் பேரில் பாடச்சுமையைக் குறைக்க வழி இருக்கிறது; ஆனால் பாடத்தைக் கைவிடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அனுமதியில்லாமல் கைவிட்டால் மாணவர் தகுதியே பறிபோகும். பல பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லாத மனநல ஆலோசனை உண்டு. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று பார்த்துவையுங்கள்.

வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் மாணவராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீடு, கடன் ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களையும் பல்கலைக்கழகச் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். இரண்டு நாட்களாக உங்கள் போன் எடுக்கப்படாவிட்டால் யாரை அழைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.