டாக்டர் கோட்டு மாட்டிக்கொண்டு பின்னால் நடக்கும் வேலை

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடியிருக்கிறீர்கள், டிவி ஆஸ்பத்திரித் தொடர்களில் பின்னணியில் நடந்து போகிற ஆளாக ஒரு நாளாவது நிற்க ஆசை என்றால், முதலில் விசாவைப் பாருங்கள், நடிப்பெல்லாம் அப்புறம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் சனி ஞாயிறு லீவுதானே என்று போய்விட முடியாது, மனுப் போட்ட கம்பெனிக்கு மட்டும்தான் வேலை பார்க்கலாம். கிரீன் கார்டு, குடியுரிமை, எச்-1பிக்காரரின் கணவன் அல்லது மனைவிக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை இதில் ஏதாவது இருந்தால் சரி. பதிவு செய்யும்போது, வேலை பார்க்க உரிமை உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு அசல் ஆவணங்களைக் காட்ட வேண்டும், நகல் எடுபடாது.

பதிவு செய்ய எல்லாரும் போவது பர்பேங்கில் இருக்கும் சென்ட்ரல் காஸ்டிங், பின்னணி நடிகர்களைப் பிடித்துத் தரும் கம்பெனி. 1925இலிருந்து இதே தொழில். பதிவு இலவசம், வேறெங்காவது 'ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்' என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உயரம், இடுப்பளவு எல்லாம் உள்ளபடி எழுதுங்கள், ஐந்து வருஷத்துக்கு முந்தைய இடுப்பை எழுதிவிட்டு உடை அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நிஜத்தில் நர்ஸாகவோ மருத்துவ உதவியாளராகவோ வேலை பார்த்தவர் என்றால் அதை மறக்காமல் குறிப்பிடுங்கள். 'கிரேஸ் அனாடமி' ஆஸ்பத்திரித் தொடரில் 2005இலிருந்து ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் நிற்கும் போக்கீ ஆன் நிஜ வாழ்க்கையிலும் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்தான். மற்றபடி நம் முகத்தைப் பார்த்தாலே வெள்ளைக் கோட்டை நீட்டிவிடுகிறார்கள். என்னை டாக்டராக்கிப் பார்க்க ஆசைப்பட்ட அம்மாவுக்கு இதையாவது காட்டலாம் என்றால், செட்டில் போட்டோ எடுக்கக் கூடாது.

எத்தனை மணிக்கு, எங்கே, என்ன உடை என்பதெல்லாம் பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலம்தான் தெரியும். காலை ஐந்தரைக்கு வரச் சொன்னால் ஐந்தேகாலுக்குப் போய்விடுங்கள். ஊழியர் வேடம் என்றால் சீருடை அவர்களே தருவார்கள், நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர் என்றால் இரண்டு மூன்று செட் உங்கள் உடை. பளிச்சென்ற வெள்ளை, சிவப்பு, எழுத்து போட்ட பனியன், பொடிக்கட்டம் எதுவும் வேண்டாம். கதை நடக்கும் ஊர் குளிர் ஊராக இருந்தால், வெளியே லாஸ் ஏஞ்சலஸ் வெயில் கொளுத்தினாலும் நீங்கள் கம்பளிக் கோட்டில்தான். செருப்பு விஷயத்தில் கவனம், டக் டக் என்று சத்தம் வந்தால் ஒலிப்பதிவுக்காரர் முறைப்பார்.

செட்டில் 'பேக்ரவுண்ட்!' என்று கத்தியதும் நீங்கள் நகர ஆரம்பிக்க வேண்டும், 'ஆக்‌ஷன்' அதற்கப்புறம்தான். பேச்சு என்பது வாயசைப்பு மட்டும், கிசுகிசுகூடக் கூடாது, கதாநாயகர்கள் பேசுவது மட்டும்தான் பதிவாக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், வாயசைக்கச் சொன்னால் தெருக்கூத்து மாதிரிக் கையை ஆட்டித் தள்ளுவார்கள். நிஜ ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று யோசியுங்கள், பாதிப் பேச்சு கையிலிருக்கும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டேதான். நானே ஒரு தொடரில் காத்திருப்போர் அறையில் சிப்ஸ் பாக்கெட்டோடு உட்கார்ந்து, அழுகைக் காட்சி நடுவில் அது 'சரக்' என்று... சரி, விடுங்கள்.

எந்த வசனத்தில் கிளம்பினீர்கள், நோயாளியின் சார்ட் எந்தக் கையில் இருந்தது என்பதை ஞாபகம் வையுங்கள். அதே காட்சியை வேறு கோணங்களில் பத்துப் பன்னிரண்டு தடவை எடுப்பார்கள், கை மாறினால் எடிட்டிங்கில் ஒட்டாது. ஒரே ஷிப்டின் 15 மணி நேரத்தை 15 எபிசோடாகக் காட்டிய 'தி பிட்' போன்ற தொடரில் இன்னும் கஷ்டம். கதையில் ஒரு நாள், படப்பிடிப்பிலோ மாதக்கணக்கு, காத்திருப்போர் அறையில் ஒரு தடவை உட்கார்ந்த முகம் சும்மா காணாமல் போக முடியாது.

பிணமாகப் படுக்கக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், உட்காரவோ நடக்கவோ வேண்டாத ஒரே வேடம். 'ஆக்‌ஷன்' கேட்பதற்கு முன் மூச்சைப் பாதி விட்டுவிட்டு நிறுத்துங்கள், நிறைய இழுத்துப் பிடித்தால் மார்பு தூக்கிக்கொண்டு தெரியும். ஒரே பயம், தூங்கிக் குறட்டை விட்டுவிடுவோமோ என்பதுதான். நெஞ்சை அழுத்தும் காட்சியில் நிஜமாக அழுத்த மாட்டார்கள், அழுத்தினால் விலா எலும்பே உடையலாம், அதனால்தான் டிவி டாக்டர்களின் முழங்கை மடங்கிக்கொண்டே இருக்கும். பசையில் அலர்ஜி உண்டென்றால் பொய்க்காயம் ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

காசு விஷயம். யூனியனில் இல்லாதவருக்கு ஏறக்குறைய குறைந்தபட்சக் கூலிதான், நாள் என்பது 8 மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, 12 மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டு மடங்கு. யூனியன் கணக்கில் மூன்று நாள் வேலை கிடைத்தால் நடிகர்கள் யூனியனான சாக்-ஆஃப்ட்ராவில் சேரத் தகுதி வந்துவிடும். அவர்கள் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்துதான் பின்னணி நடிகர்களுக்கு 11 சதவீத உயர்வு வாங்கினார்கள், உங்கள் சம்மதமில்லாமல் உடலை ஸ்கேன் செய்து பயன்படுத்தக் கூடாது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் வந்ததுதான். அதனால் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளம்பும்போது, வேலை பார்த்த நேரத்தை எழுதும் வவுச்சர் சீட்டில் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே ஒப்பனையையும் துடைத்துவிடுங்கள். நெற்றியில் பதினோரு தையலோடு நான் பெட்ரோல் போட நின்றபோது, பக்கத்து பம்ப்காரர் போனைக் கையில் எடுத்துவிட்டார்.