ஊசியைத் திருகும் முன்: கண்ட்ரோல் லைன் எஞ்சினில் செய்யக் கூடாதவை

கண்ட்ரோல் லைன் விமானங்களில், அதாவது கம்பிகளில் கட்டிக் கைப்பிடியால் வட்டமாகப் பறக்கவிடும் சின்ன மாடல் விமானங்களில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பெரும்பாலும் கிடையாது. எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வைத் தரையில் எந்த இடத்தில் விட்டீர்களோ, டேங்க் காலியாகும்வரை அதே நிலைதான். மேலே போனபிறகு கைப்பிடியை வைத்துக்கொண்டு எஞ்சினைத் திருத்த முடியாது.

அடிக்கடி பார்க்கும் தவறு, தரையிலேயே எஞ்சினை உச்ச வேகத்துக்குக் கொண்டுவந்து விமானத்தை விடுவது. ஊசியை மூட மூடச் சத்தம் கூர்மையாகும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பறக்கத் தொடங்கியதும் ப்ரொப்பெல்லரின் சுமை குறைந்து சுழற்சி ஏறும். மூக்கைத் தூக்கினால் எரிபொருள் மேல்நோக்கி ஏறியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து எரிபொருள்-காற்றுக் கலவையை லீனாக்கும், அதாவது அதில் எரிபொருள் குறைந்துவிடும். எஞ்சின் சூடேறித் தொய்ந்து, செங்குத்தாக வட்டமடிக்கும் லூப்பின் நடுவில் நின்றுவிடும். ஸ்டண்ட் விமானமென்றால், உச்சத்தைத் தொட்டபின் ஊசியைத் திறந்து, சத்தம் ‘படபட’வென்று ஃபோர் ஸ்ட்ரோக் போல உடைகிற இடத்துக்குத் திரும்புங்கள். எஞ்சின் டூ ஸ்ட்ரோக்தான். கலவை ரிச்சானால், அதாவது எரிபொருள் கூடினால், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கிறது, அவ்வளவே. சந்தேகமிருந்தால் எரிபொருள் டியூபை ஒரு கணம் நசுக்கி விடுங்கள். வேகம் கூடினால் இன்னும் ரிச். கூடாமல் அப்படியே இறங்கினால் ஏற்கெனவே லீன்.

அப்புறம், டேங்கின் குற்றத்தை ஊசிமேல் போடுவது. 20 மீட்டர் ஆரத்தில் வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பறந்தால், வெளிப்பக்கம் தள்ளும் விசை புவியீர்ப்பைவிட 3 மடங்குக்கு மேல். எரிபொருள் முழுவதும் வெளிச்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சு குழாயின் வாய் டேங்கின் வெளிப்புறப் பின்மூலையில் இல்லையென்றால், எந்தத் திருகலும் உதவாது. உயரமும் அப்படித்தான். நேராகப் பறக்கும்போது ரிச், தலைகீழாகும்போது லீன் என்றால் டேங்க் அதிக உயரத்தில் இருக்கிறது, இறக்குங்கள். மாறியிருந்தால் ஏற்றுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டரே வித்தியாசம் காட்டும்.

ஒருமுறை ஒரு காலை முழுக்க ஊசியோடு மல்லுக்கட்டினேன். கால் சுற்று திறந்தால் மூச்சுத் திணறல், மூடினால் அலறல். கடைசியில், எரிபொருளைக் காற்றில் தெளிக்கும் குழலான ஸ்பிரேபாரில் மாட்டும் இடத்தில் சிலிகான் டியூப் மயிரிழை அளவு கிழிந்திருந்தது. டியூபுக்குள் குமிழிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன, பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஊசியின் மரை வழியாகவும் காற்று புகும். அங்கே சின்னதாகச் சிலிகான் டியூப் துண்டு ஒன்றைச் செருகினால் போதும். ஊசி தானாகத் திரும்பினாலும் வைத்த நிலை நிலைக்காது, பிடிக்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

எரிபொருளில் கஞ்சத்தனம் எண்ணெயில்தான் தொடங்குகிறது. எரிபொருளான மெத்தனாலோடு கலக்கும் விளக்கெண்ணெய் உயவுக்கு மட்டுமல்ல, சூட்டையும் வெளியே கொண்டுபோகும். பால் பேரிங் இல்லாத பழைய வகை எஞ்சினுக்கு மொத்த எண்ணெய் 25 சதவீதம் வரை தேவைப்படலாம். அதில் நல்ல பங்கு விளக்கெண்ணெயாக இருக்கட்டும். ரேடியோ கண்ட்ரோல் எஞ்சினுக்கென்று விற்கும் எண்ணெய் குறைந்த கலவையை அப்படியே ஊற்றினால், பிஸ்டன்தான் விலை கொடுக்கும்.

சக்திக்காக எரிபொருளில் சேர்க்கும் நைட்ரோமீத்தேனின் சதவீதத்தை மாற்றிவிட்டுப் பழைய ஊசி நிலையிலேயே கிளப்புவதும் ஆபத்து. ஒரு கிராம் மெத்தனால் எரிய ஏறக்குறைய 6.5 கிராம் காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிராம் போதும். ஆகவே நைட்ரோ கூடினால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும், ஊசியைத் திறந்தாக வேண்டும். பிளக்கையோ ப்ரொப்பெல்லரையோ மாற்றினாலும், வெயில் ஏறினாலும் எஞ்சினின் சத்தத்தை மறுபடி கேட்டுப் பாருங்கள்.

கேனின் மூடியைத் திறந்து வைக்காதீர்கள், மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது நஞ்சு என்பதும், பகலில் அதன் தீச்சுடர் கண்ணுக்கே தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும். ஓடும் எஞ்சினின் ஊசியை எப்போதும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னாலிருந்தே தொடுங்கள்.

பறந்து முடித்ததும் மிச்சத்தை வடித்துவிட்டு, எஞ்சினுக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டு கையால் சுழற்றி வையுங்கள், இல்லையென்றால் பேரிங் துருப்பிடிக்கும். வாரக்கணக்கில் கிடந்த எஞ்சினில் விளக்கெண்ணெய் பிசினாகி ஊசி இறுகியிருந்தால் குறடை எடுக்காதீர்கள். கொஞ்சம் மெத்தனாலை விட்டு ஊறவையுங்கள், விரலுக்கே அசையும்.