நாற்பதை நெருங்குகிறீர்களா? கேரளத்தில் தமிழ் மீடியம் டீச்சர் ஆக வழி

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமும், மறையூர், மூணாறு பக்கமும் தமிழ் மீடியம் அரசுப் பள்ளிகள் உண்டு. "முப்பத்தெட்டு ஆயிடுச்சு, இனிமே கிடைக்குமா?" என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிடைக்கும். ஆனால் கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் வயதைக் கணக்குப் போடுங்கள்.

படி 1: வயது

கேரள பி.எஸ்.சி. (அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வாணையம்) நடத்தும் ஆசிரியர் வேலைக்குப் பொதுப்பிரிவில் உச்சவரம்பு 40. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டு தளர்வு. நோட்டிபிகேஷன் வரும் ஆண்டின் ஜனவரி 1 அன்று உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள். 39-ல் விண்ணப்பித்து 42-ல் ஆர்டர் வந்தாலும் செல்லும். இது தெரியாமல் ஒதுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

படி 2: எந்த வகுப்புக்கு?

எல்.பி. (லோயர் பிரைமரி, தொடக்க வகுப்பு) என்றால் பிளஸ் டூவோடு டி.எல்.எட். என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் (பழைய டி.டி.சி.). பி.எட். மட்டும் வைத்திருந்தால் எல்.பி.யை மறந்துவிடுங்கள், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே அதை முடித்துவைத்துவிட்டது. பி.எட். உள்ளவர்கள் யு.பி. (அப்பர் பிரைமரி, நடுநிலை வகுப்பு), ஹைஸ்கூல் பக்கம் போகலாம்.

படி 3: கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு)

எல்.பி.க்கு கேட்டகரி 1, யு.பி.க்கு 2, ஹைஸ்கூலுக்கு 3. 150 கேள்வி, இரண்டரை மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. பொதுப்பிரிவில் 90 எடுத்தால் பாஸ். கேட்டகரி 1-ல் முதல் மொழியாகத் தமிழை எடுக்கலாம். பாடத்தைவிடக் குழந்தை உளவியல்தான் படிப்பு விட்டுப்போனவர்களுக்குத் தகராறு; அதிலிருந்து தொடங்குங்கள்.

படி 4: பேப்பர்கள்

எல்லைக்காரர்களுக்கே உரிய தலைவலி இது. பொள்ளாச்சியில் படித்த சான்றிதழில் "கே. செல்வி", ஆதாரில் "செல்வி கிருஷ்ணன்". இரண்டும் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீஸில் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் வாங்க வேண்டும். அக்‌ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) விண்ணப்பித்தால் போதும். தமிழ்நாட்டு டிகிரி என்றால் ஈக்விவலன்சி (கேரளப் படிப்புக்கு இணை என்ற சான்று) விஷயத்தையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். சரிபார்ப்புக்கு அழைத்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

படி 5: பி.எஸ்.சி.

பி.எஸ்.சி.யின் 'துளசி' இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்து, உங்கள் மாவட்டத் தமிழ் மீடியம் நோட்டிபிகேஷன் வந்ததும் விண்ணப்பியுங்கள். பதிவு செய்தாலே விண்ணப்பித்ததாக ஆகாது. பி.எஸ்.சி. தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். கே-டெட் மாதிரி குத்துமதிப்பாக விடை வட்டத்தைக் கறுப்பாக்காதீர்கள்.

வயது தாண்டிவிட்டதா?

தமிழ்நாட்டில் நேரடி ஆசிரியர் நியமனத்துக்குப் பொதுப்பிரிவு வரம்பை 2023-ல் 53 ஆக்கினார்கள். கேரளத்து ஜாதிச் சான்றிதழ் அங்கே எடுபடாது, பொதுப்பிரிவில்தான் சேர்ப்பார்கள். தமிழ்நாட்டு டெட் தனியாக எழுத வேண்டும். வேலை எந்த மாவட்டத்தில் கிடைக்குமோ, வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதுவரை, பள்ளி திறக்கும் சமயத்தில் பக்கத்துப் பள்ளியில் தினக்கூலி டீச்சர் இன்டர்வியூ எப்போது என்று ஹெச்.எம்.மிடம் கேட்டுவையுங்கள்.