கணப்பு மூட்டுகிறீர்களா? முதலில் புகையைக் கவனியுங்கள்

குளிர் தொடங்கியதும் கணப்பு மூட்டி, அதன் எதிரே சாய்ந்து உட்கார யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் தீயை ரசிப்பவர்கள் புகையை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முக்கியமானது விறகு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரைகூட நீர் இருக்கலாம். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க, மரத்தைப் பொறுத்து 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை உலர வேண்டும். பச்சை விறகின் வெப்பம் அதன் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். அறை சூடேறாது, கண்தான் எரியும். அந்தப் புகை புகைபோக்கியின் உட்சுவரில் கரும்பிசினாகப் படிந்து, பின்னொரு நாள் தீப்பற்றவும் கூடும். எனவே வாங்கும்போதே இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும். ஈர விறகு மந்தமாகத் தொப்பென்று ஒலிக்கும். வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை ஆகியவற்றை எரிக்காதீர்கள், நச்சுப்புகை வரும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த புகைபோக்கியில் பறவை கூடு கட்டியிருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். சுத்தமாக இருந்தாலும் உள்ளே தேங்கிய குளிர்காற்று முதல் நாள் புகையை அறைக்குள்ளேயே திருப்பிவிடும். செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திப் புகைபோக்கியின் கீழ்வாயருகே சிறிது நேரம் பிடியுங்கள். சுடர் மேல்நோக்கி இழுபட்டால் வழி திறந்துவிட்டது. பிறகு விறகைப் பற்றவைக்கலாம். சமையலறைப் புகைவிசிறி ஓடினால் அதை நிறுத்திவிடுங்கள், அதுவும் புகையை வீட்டுக்குள் இழுக்கும்.

உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று உண்டு. சூடு வீணாகிறதே என்று, தணல் அணையும் முன்பே புகைபோக்கியின் வழியை அடைக்கும் தகட்டை மூடிவிட்டுத் தூங்கப் போவது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பூட்டிய அறையில் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்வதும் இதே ஆபத்துதான். அந்த வாயுவைக் கண்டறிந்து ஒலிக்கும் கருவி ஒன்றை வீட்டில் மாட்டாமல் கணப்பு மூட்டுவது அசட்டுத் துணிச்சல்.

மறுநாள் சாம்பலை அட்டைப்பெட்டியில் அள்ளாதீர்கள். உள்ளே புதைந்த கங்கு 3, 4 நாள்கூடக் கனன்றுகொண்டிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். முழுவதையும் வழித்தெடுக்கவும் வேண்டாம். அடியில் ஓர் அங்குலம் இருந்தால் அடுத்த தீ சீக்கிரம் பிடிக்கும்.