மதுரை வெயிலில் பால் காளான்: முதல் படுக்கை போடுவது எப்படி

மதுரையில் காளான் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சிப்பிக் காளானில்தான் கை வைக்கிறார்கள். மார்கழி, தை என்றால் சரி, நன்றாகவே வரும். ஆனால் சித்திரை வெயிலில் அது திணறிவிடும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்றது பால் காளான், 30 முதல் 35 டிகிரி வரை அதற்குத் தோதான சூடு. பக்கத்து அருப்புக்கோட்டையிலிருந்துதான் 1998-இல் ஏபிகே 2 என்ற பால் காளான் ரகமே வந்தது.

முதலில் வைக்கோல். புதிதாக, மழையில் நனையாததாக, பொன்னிறத்தில் இருக்கவேண்டும். விரல் நீளத்துக்கு நறுக்கி நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். வெந்ததை வடித்து, சுத்தமான தார்ப்பாயில் நிழலில் பரப்பி ஆறவிடுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள், உள்ளங்கையில் ஈரம் படவேண்டும், ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. என் முதல் படுக்கையில், அதாவது வைக்கோல் அடைக்கிற பையில், சொட்டச் சொட்ட அடைத்துவிட்டேன், ஐந்தாம் நாள் பையைத் தொட்டால் சூடு, புளித்த நாற்றம், ஓரமெல்லாம் பச்சைப் பூசணம். அது டிரைக்கோடெர்மா. வயலில் விதை நேர்த்திக்கு நாம் விரும்பி வாங்குகிற அதே வகைப் பூசணம்தான், காளான் படுக்கையில் மட்டும் எதிரி. பச்சை தெரிந்தால் பையைத் திறக்காமலே தூர எடுத்துப்போய்ப் புதைத்துவிடுங்கள்.

வித்து, அதாவது தானியத்தில் வளர்த்த காளான் இழை, புதிதாக, வெள்ளை வெளேரென்று, நாற்றமில்லாமல் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு அடி நீளப் பாலித்தீன் பையில் மூன்று விரல் உயரத்துக்கு வைக்கோல், அதன் ஓரத்தைச் சுற்றி வித்து, மறுபடி வைக்கோல் என்று நாலைந்து அடுக்கு அமுக்கி வைத்துக் கட்டுங்கள். நடுப்பகுதியில் இரண்டு சிறு துளை போதும். இருட்டான அறையில் தொங்கவிட்டால் இரண்டு வாரத்தில் பை முழுக்க வெள்ளை இழை ஓடிவிடும்.

அந்த நாட்களில் பையைத் தினமும் உற்றுப் பாருங்கள். பொன்னிற வைக்கோல் மெல்ல வெளுத்து, விரலால் அழுத்தினால் பஞ்சுபோல ஆகும். காளானுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. இழைகள் நொதிகளை வெளியே சுரந்து வைக்கோலைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. லேக்கேஸ் என்ற நொதி வைக்கோலின் விறைப்புக்குக் காரணமான லிக்னினைத் தாக்கும், செல்லுலேஸ் நார்ச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். மாடு நாள் முழுக்க அசைபோட்டாலும் லிக்னினைச் செரிக்க முடியாது, எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்.

வெள்ளை பிடித்ததும் பையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பரப்பின்மேல் ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறிய மண்ணை இரண்டு சென்டிமீட்டர் போடுங்கள். மண்ணோடு கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்துகொள்ளவேண்டும். மண் போடாவிட்டால் பால் காளான் ஒழுங்காக மொட்டு விடாது. இனி வெளிச்சமும் வேண்டும், காற்றும் வேண்டும். அறைக்குள் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, மண் காயாமல் தினமும் தெளியுங்கள், குளமாகத் தேங்கவிடாதீர்கள். எட்டு, பத்து நாளில் மொட்டு, அதிலிருந்து ஒரு வாரத்தில் அறுவடை.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. மழைக்குப் பிறகு புல்தரையில் முளைக்கிற வெள்ளைக் குடையைப் பார்த்து, இதுவும் பால் காளான்தானே என்று பறித்துவிடாதீர்கள். அதில் ஒரு நச்சுக் காளான் உண்டு. அதன் குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஒரு இரவு மூடிவைத்தால் பச்சையாகத் தூள் விழும், பால் காளானின் தூள் வெள்ளை. ஆனால் தூள் வெள்ளையாக விழுந்துவிட்டது என்பதற்காகவும் காட்டுக் காளானைச் சாப்பிடக்கூடாது, கொடிய நச்சுக் காளான் சிலவற்றுக்கும் தூள் வெள்ளைதான்.

காளானைப் பிடித்து இழுக்காமல் லேசாகத் திருகி எடுங்கள். அடி மண்ணைக் கத்தியால் சீவிவிட்டு, படுக்கை மண்ணை மெல்லக் கிளறித் தண்ணீர் தெளித்து வந்தால் மறுபடி மொட்டு வரும்.