தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பி வந்தவர்களுக்கு: பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்க்கும்போது

திருகோணமலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். பெற்றோருக்கு இது சொந்த ஊர், பிள்ளைக்கோ புது நாடு. அதை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இங்கே பள்ளி ஆண்டு வழமையாக ஜனவரியில் தொடங்கும், மூன்று தவணை. அங்கே ஜூனில் தொடங்கிய வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு உங்கள் பிள்ளை வந்திருக்கும். எந்தத் தரத்தில் (வகுப்பை இங்கே தரம் என்போம்) சேர்ப்பது என்பதை இங்கே பெரும்பாலும் வயதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஜனவரி 31இல் 5 வயது நிரம்பியிருந்தால் தரம் 1. ‘ஒரு வருஷம் பின்னுக்குப் போகுதே’ என்று சிலர் கவலைப்படுவார்கள். தயவுசெய்து அதைப் பிள்ளையின் காதில் விழும்படி பேசாதீர்கள்.

பத்திரங்கள்: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கிராம சேவகரின் வதிவிட உறுதி, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் (இங்கே அதை விடுகைப் பத்திரம் என்போம்). பிள்ளை இந்தியாவில் பிறந்திருந்தால், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து எடுத்த குடியுரிமைப் பத்திரமும் வேண்டும். ஏதாவது குறைகிறதா? அதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 5 முதல் 16 வயது வரை இங்கே கல்வி கட்டாயம். நேரே அதிபரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். அங்கே சரிவராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

அரசுப் பள்ளியில் பாடநூலும் சீருடைத் துணியும் இலவசம். கொப்பியும் (நோட்டு) சப்பாத்தும் (ஷூ) பெரும்பாலும் நீங்கள்தான் வாங்க வேண்டும்.

இனி, பேச்சு. எல்லாம் தமிழ்தானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை புதிதாக வந்த ஒரு பையனிடம், “இரு தம்பி” என்றேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். மறுபடியும் “இரு” என்றேன். அசையவில்லை, கண் மட்டும் கலங்கியது. உட்காரச் சொல்கிறேன் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அவன் வளர்ந்த ஊரில் ‘இரு’ என்றால் பொறு என்று அர்த்தம். டீச்சர் சொன்னபடி பொறுத்து நின்ற பிள்ளைக்கு ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு மனம் ஆறவில்லை.

ஆகவே முதல் நாளுக்கு முன்பே வீட்டில் சில சொற்களைப் பழக்கிவிடுங்கள். நோட்டு இங்கே கொப்பி, நாற்காலி கதிரை, ஷூ சப்பாத்து, பாட்டில் போத்தல், தேர்வு பரீட்சை, தலைமை ஆசிரியர் அதிபர். கடையில் இரட்டை றூள் கொப்பி, சதுர றூள் கொப்பி என்று கேட்டு வாங்குங்கள். அதற்காகப் பிள்ளையின் பேச்சை மாற்றிவிட வேண்டாம். ‘அப்பிடிப் பேசாதே, சிரிப்பாங்க’ என்று வீட்டில் அடக்கிய பிள்ளைகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. யாராவது கேலி செய்தால் எங்களிடம் சொல்லுங்கள், அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

பாடங்களில் இரண்டு புதிதாக இருக்கும். சமயம் இங்கே ஒரு பாடம்: சைவம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று அவரவர் சமயத்தைப் படிப்பார்கள். சிங்களம் இரண்டாம் மொழி. இந்த நகரில் சந்தையிலும் பஸ்ஸிலும் அது காதில் விழுந்துகொண்டே இருப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

தரம் 5இல் புலமைப்பரிசில் (கல்வி உதவித்தொகை) பரீட்சை வரும். அதைச் சொல்லிச் சொல்லித் தரம் 2இலேயே ரியூசனுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வயதில் பின்னேரம் விளையாட வேண்டும்.

தரம் 1இல் சேரும் பிள்ளைகளைக் கால்கோள் விழா வைத்து வரவேற்போம். மூத்த பிள்ளைகள் மாலை போட்டுக் கைபிடித்துக் கூட்டிப்போவார்கள். அப்பாவும் அம்மாவும் கட்டாயம் வாருங்கள். ஜனவரியில் மழை விட்டிருக்காது, பையில் ஒரு மாற்றுச் சட்டையை வையுங்கள். அப்புறம், கோட்டைப் பக்கமும் பஸ் நிலையத்தடியும் புள்ளிமான்கள் நிற்கும். பிள்ளை பார்க்கட்டும், பொலித்தீனோடு சாப்பாடு மட்டும் போடவேண்டாம்.

பள்ளி 7.30க்குத் தொடங்கும். சின்ன வகுப்புகள் மற்றவர்களுக்கு முன்பே விடும், நேரத்தை முதல் நாளே வகுப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள். முதல் வாரமாவது மணி அடிக்குமுன் வாசலில், பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள்.