இன்ஜின் கொதிக்கிறதா? கூலன்ட் டப்பாவிலிருந்து தொடங்குங்கள்

கத்திரி வெயிலில் பானெட்டைத் தூக்கி வைத்து ஓரம் கட்டி நிற்கிற காரைப் பார்த்தால், எல்லோரும் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவும் அதன் சுழற்சியும் சரியாக இருந்தால் 42 டிகிரி வெயிலிலும் இன்ஜின் தன் வழக்கமான 90 டிகிரிச் சூட்டை ஒட்டியே ஓடும். அதற்கு மேல் ஏறுகிறதென்றால் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது.

வாரம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். மட்டம் 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஓடி வந்த வண்டியில் திரவம் விரிந்து மட்டம் ஏறியிருக்கும், அந்தக் கணக்கு உதவாது. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஹோஸ் மாட்டியிருக்கும் கிளிப், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் தெரிகிறதா பாருங்கள். ஏசி போட்ட வண்டிக்கு அடியில் சொட்டும் நிறமற்ற, மணமற்ற தண்ணீர் வேறு. அதற்குப் பயப்பட வேண்டாம். முன் சீட்டின் கால் விரிப்பு ஈரமாகி, இனிப்பு வாடை அடித்தால் மட்டும் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது.

பைப்பில் பிடித்த தண்ணீரை ஊற்றி ஓட்டும் பழக்கம்தான் ரேடியேட்டரைக் கெடுக்கிறது. போர் தண்ணீரில் உள்ள உப்பு, டீக்கடை பாய்லரில் படிவதைப் போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்து அடைக்கும். கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பானும் நீர்த்துப் போகும். கெட்டியான கூலன்ட் வாங்கினால் 1 லிட்டருக்கு 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். 'ரெடி டு யூஸ்' என்று போட்டிருந்தால் எதையும் கலக்கக் கூடாது. நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன வகைதான் சரி. இரண்டு வகை கலந்தால் சில நேரம் கூழாகிவிடும். நடுவழியில் வேறு வழியே இல்லையென்றால் குடிநீர் ஊற்றலாம், ஊர் சேர்ந்ததும் முழுக்க வடித்து மாற்றிவிடுங்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். வடித்ததை நாயோ குழந்தையோ தொடும்படி வைக்க வேண்டாம்.

எந்த நேரத்தில் சூடேறுகிறது என்பதே கோளாறு எங்கே என்று பாதி சொல்லிவிடும். சிக்னலிலும் நெரிசலிலும் ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் விசிறி ஓடவில்லை: ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஏசியைப் போட்டதும் பெரும்பாலான கார்களில் விசிறி சுற்றத் தொடங்க வேண்டும், சோதிக்க அதுவே எளிய வழி. ஊருக்குள் நன்றாக ஓடி, ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைப்பாதையிலோ நெடுஞ்சாலையிலோ மட்டும் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) முழுதாகத் திறக்காதது, கூலன்ட் குறைவு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் கவனிப்பதில்லை. அது ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தை உள்ளே தாங்கி நிற்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் திரவம் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது, சீக்கிரமே கொதித்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிப்பதும் அந்த அழுத்தத்தால்தான்.

புதிய கார்கள் சிலவற்றில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது. நீல விளக்கு இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதையும், சிவப்பு சூடு மீறியதையும் காட்டும். முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுச்சூட்டில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும்தான், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியேறும். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே கூலன்ட் சுற்றவில்லை. அப்போதோ, சிவப்பு எரிந்தாலோ, ஆவி கிளம்பினாலோ உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். 'இன்னும் 2 கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விடும். சில நூறு ரூபாய் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல ஆயிரமாகும்.

குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். கொதிக்கும் இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட்டில் விரிசல் விழும். பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கனமான துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். கல்போல் இருந்தால் அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. தளர்ந்திருந்தால் மூடியைத் துணியால் பிடித்துக் கால் திருகு திருகி, 'உஸ்' சத்தம் அடங்கிய பிறகே முழுதாகக் கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூலன்ட் ஊற்றுங்கள்.

கிளப்புவதற்கு முன் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் அதில் கலந்துவிட்டது; ஸ்டார்ட் செய்யாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஆயில் சுத்தமாக இருந்து, கிளப்பிய பின் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வந்தாலும் உடனே அணைத்து அதையே செய்யுங்கள்.